பேச்சி எழுதிய இரண்டாவது அடுப்பு

இல்லை கனகலட்சுமி, எங்கள் வீட்டைப் பேச்சி இரண்டாக்கிவிட்டுப் போகவில்லை. மோகனாவுக்கு வந்த குன்றத்தூர் சம்பந்தம் அவளால் கலையவும் இல்லை. நீ இதைக் குழாயடியில் சொன்னாய், ரேஷன் கடை வரிசையில் சொன்னாய். நேற்று எதிர்வீட்டிலிருந்து இறங்கி வந்து என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாய்.

"தங்க எடம் குடுத்த வூட்டையே ரெண்டு குடும்பம்னு கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்துட்டா அந்தத் தெக்கத்திப் பொண்ணு. இன்னமும் அவளுக்கு ஏத்துக்கினு பேசறியே அத்தே" என்றாய்.

ஏற்றுக்கொண்டுதான் பேசுவேன். எனக்கு எழுதத் தெரியாது. அதனால் பேத்தி மோகனாவையே உட்கார வைத்துச் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். அவளைப் பற்றியும் இதில் வரும், அந்த இடத்தை வெட்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சம்பந்தக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். பேச்சி வீட்டை விட்டுப் போன பிறகுதான் குன்றத்தூர்க்காரர்கள் பெண் பார்க்கவே வந்தார்கள். பையனின் அம்மா காபி குடித்து, பஜ்ஜி தின்று, கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எங்கள் வீட்டு இரண்டு அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பொண்ணு நைட் ஷிப்டுக்கெல்லாம் போவுதாமே, கல்யாணத்துக்கு அப்புறம் நிறுத்திடுவீங்க இல்ல?" என்றாள். என் மகன் தேவநாதன் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே மோகனா உள்ளேயிருந்து வந்து, "நிறுத்த மாட்டேன் ஆன்ட்டி" என்றாள். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் எத்தனை அடுப்பு எரிகிறது என்பது அவர்களுக்கு இன்றைக்கும் தெரியாது. பேச்சியின் பெயரையே அவர்கள் கேள்விப்பட்டதில்லை.

இனிமேல் பேச்சியைச் சொல்கிறேன்.

வல்லம் வடகாலில் கம்பெனிகளுக்காக நிலம் எடுத்தபோது எங்கள் நிலமும் போனது. வந்த காசில் தேவநாதன் வீட்டை இடித்துக் கட்டி, மாடியில் ஓர் அறையும், பக்கத்து மனையில் வாடகைக்கு வரிசையாக லைன் ரூம்களும் போட்டான். இந்தத் தெருவில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். லைன் ரூம்களுக்கு ஒடிசாக்காரப் பையன்கள் வந்தார்கள். மாடி அறையில் யார் யாரோ இருந்து காலி செய்தார்கள். ஒரு நாள் மத்தியானம் தோளில் ஒரு பையும் கையில் ஒரு டிரங்குப் பெட்டியுமாகப் பேச்சி வந்து நின்றாள். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். கழுத்தில் தாலி இல்லை. மருமகள் சாரதா அதைத்தான் முதலில் பார்த்தாள்.

"தனியாவா தங்கப் போற?"

"தனியாத்தான் மதினி. சமையலும் நானே பாத்துக்கிடுவேன். உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

அவள் மேலே போன பிறகு சாரதா என் காதருகே வந்து, "மதினின்னா இன்னா அத்தே, திட்டறாளா?" என்று கேட்டாள். அண்ணியைத்தான் அவர்கள் ஊரில் அப்படிச் சொல்வார்கள் என்று அன்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

என்னை அவள் ஆச்சி என்றாள். திருத்திப் பார்த்தேன்.

"இன்னாடி ஆச்சி போச்சின்னுகினு. ஆயான்னு கூப்புடு."

"ஆயான்னா எங்க ஊர்ல பால்வாடியில புள்ளைய பாத்துக்கிடுதவுக. உங்கள எப்படி அப்படிக் கூப்பிட?"

கடைசி வரை ஆச்சிதான். நானும் விட்டுவிட்டேன். நான் விட்டுக்கொடுத்தது அந்த ஒன்றில்தான் என்று தேவநாதன் சொல்வான்.

சங்கரன்கோயில் பக்கத்தில் ஒரு கிராமம் அவளுக்கு. அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா பீடி சுற்றிப் படிக்க வைத்தாள். கல்லூரியில் புள்ளியியல் படித்தாளாம். படித்துவிட்டு ஒரகடத்தில் போன் பாகம் செய்கிற கம்பெனியில் லைனில் நின்றாள். நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. பிறகு ஒப்பந்தத்தில் இந்தக் கணக்கெடுக்கும் வேலை கிடைத்தது. நிற்கிற வேலை போய் நடக்கிற வேலை வந்தது, என் காலுக்கு உட்காரக் கொடுத்து வைக்கவில்லை என்று சிரிப்பாள். சிரிக்கும்போது மேல் உதட்டைப் பல்லுக்கு மேல் இழுத்து மூடிக்கொள்வாள். பல்வரிசை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அதற்காக.

அவள் வேலை இதுதான். தமிழ்நாட்டில் சனங்கள் என்ன தின்கிறார்கள், என்ன உடுத்துகிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, நோய் வந்தால் எங்கே ஓடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு டேப்லெட்டில் ஏற்ற வேண்டும். இதே கேள்விகளைப் பீகாரிலும் கேட்பார்கள், ஆந்திராவிலும் கேட்பார்கள், கேரளாவிலும் கேட்பார்கள். பிறகு எல்லா மாநிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, எது முன்னே நிற்கிறது, எது பின்னே நிற்கிறது என்று டெல்லியில் பார்ப்பார்களாம்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. கேள்வி முடிகிற வரைக்கும் எந்த வீட்டிலும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டாள். வெயிலில் நாக்கு உலர்ந்து வந்து உட்காருவாள், சொம்பை நீட்டினால், "முடிச்சிட்டுக் குடிக்கேன்" என்பாள். திமிர் என்று தெருவில் பேசினார்கள். நான் கேட்டேன்.

"குடிச்சிட்டேன்னா பொறவு அவுக சொன்னதத் திருப்பிக் கேக்க வாய் வராது ஆச்சி" என்றாள்.

திருப்பிக் கேட்க வேண்டிய தேவை இந்தத் தெருவில் நிறைய இருந்தது. சர்வே என்றால் ரேஷன் அட்டையைப் பிடுங்கத்தான் வருகிறார்கள் என்று சனங்களுக்கு எண்ணம். அவள் பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டாள் என்று தெரிந்ததும் இங்கே பைக்குகள் எல்லாம் ஏரிக்கரைக்குப் போய்விடும். ஏசியின் மேல் சாக்கைத் தொங்கவிடுவார்கள். கனகலட்சுமி, உன் வீட்டில் நடந்ததை நான் சொல்லாமல் விடப் போவதில்லை. நீ வாஷிங் மெஷின் மேல் பட்டுப்புடவையைப் போர்த்தி, முன்னால் மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு விளக்கையும் ஏற்றிவிட்டாய். பேச்சி கேட்டதற்கு, "அது சாமி அலமாரிம்மா, கிட்ட போவாதே" என்றாய். உள்ளே துணி சுற்றிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டாய். கேள்வி பாதியில் இருக்கும்போது அது டிடிங் டிடிங் என்று பாட ஆரம்பித்தது.

பேச்சி டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "சாமி கூப்பிடுது அக்கா, துணியக் காயப் போடுங்க" என்றாளாம்.

இதைப் பேச்சி என்னிடம் சொல்லவில்லை. ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் அவள் சொல்லவே மாட்டாள். உன் மகன்தான் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். உனக்கு அவள் மேல் கோபம் பிறந்தது அன்றைக்குத்தான், எங்கள் வீட்டு அடுப்பால் இல்லை.

சாயங்காலங்களில் அவள் மாடிப்படியில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தேய்ப்பாள். நான் கீழ்ப்படியில் உட்காருவேன். அந்தப் படியை இப்போது கடந்து போனால்கூட எனக்கு என்னவோ போல இருக்கிறது. ஒரு சாயங்காலம் உள்ளே டிவியில், நம் மாநிலம் எதிலோ முதலில் வந்துவிட்டது என்று ஓடிக்கொண்டிருந்தது. தேவநாதன் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

"ஏண்டி பேச்சி, நாம நல்லாக்கீறோமா இல்லையான்னு நம்மளப் பாத்தா தெரியாதா? அடுத்தவன் வூட்டை எட்டிப் பாத்துதான் சொல்லணுமா?" என்றேன்.

"எட்டிப் பாக்கலேன்னா தெரியாது ஆச்சி. எங்க ஊர்ல எல்லாருக்கும் கால்ல செருப்பு இருந்தா செருப்பு ஒரு பெரிய காரியமான்னு தோணும். பக்கத்து ஊர்ல இல்லன்னு பாத்தாத்தான, நமக்கு எப்படி வந்துச்சு, அவுகளுக்கு ஏன் வரலன்னு கேள்வி வரும்?"

அப்போதுதான் எனக்கு ஆந்திரா ஞாபகம் வந்தது. தேவநாதன் சின்னப் பையனாக இருந்தபோது நானும் அவன் அப்பாவும் தடாவுக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளைக்குப் போனோம். இங்கே ஏரி வற்றிப்போன வருஷம். அங்கே கூலி இங்கத்தைவிட அதிகம். சாப்பாட்டுக்கும் குறை சொல்ல முடியாது, காரம்தான் தாங்காது. ஆனால் பையனைச் சூளை பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டோம், அவன் மத்தியானம் வெறும் வயிற்றோடு திரும்பி வந்தான். அங்கே அப்போது பள்ளிக்கூடத்தில் சோறு கிடையாது. இங்கே ஊரில் அவன் வயதுப் பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், சத்துணவு என்று போடுகிறார்கள் என்று ஊரிலிருந்து வந்த ஆள் சொன்னான். நான் அவன் அப்பாவிடம் மூட்டையைக் கட்டு என்றேன். கூலியை விட்டுவிட்டு ஒரு வேளை சோற்றுக்காக ஓடுகிறாயே என்று மேஸ்திரி தெலுங்கில் திட்டினான். ஓடித்தான் வந்தோம். தேவநாதன் ஐடிஐ வரைக்கும் படித்து இன்றைக்குக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறான் என்றால் அந்தத் தட்டுதான் காரணம்.

இதைச் சொன்னதும் பேச்சி எண்ணெய்க் கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இத முன்னாலயே சொல்லாம இத்தன நாளு என்னென்னத்தையோ பேசிக்கிட்டு இருந்திருக்கீய பாருங்க" என்றாள்.

அன்றே இன்னொன்றும் கேட்டேன். லைன் ரூமில் இருக்கிற ஒடிசாப் பையன்கள் தின்கிறது எந்த மாநிலத்தின் கணக்கு? பாதி வருஷத்துக்கு மேல் இங்கேயே தங்கிச் சாப்பிட்டால் நம் கணக்குதான் என்றாள். அப்படியானால் அவர்கள் ஒரு அறையில் அத்தனை பேர் படுத்திருப்பதும் நம் கணக்குதானா என்றேன். "அதுவும்தான். அதையும் எழுதியாச்சு" என்றாள். உள்ளே டிவியில் இன்னும் முதல் இடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பையன்களிடமிருந்துதான் எங்கள் அடுப்புப் பிரச்சினையும் முளைத்தது.

கணக்கெடுப்பில் குடும்பம் என்றால் ரேஷன் அட்டை இல்லை, ரத்தமும் இல்லை. ஒரே அடுப்பில் பொங்கி யார் யார் சேர்ந்து தின்கிறார்களோ அவர்கள் ஒரு குடும்பம். ஒடிசாப் பையன்கள் வேறு வேறு ஊர், வேறு வேறு சாதி. ஆனால் ஒரு குண்டானில் பொங்கி வட்டமாக உட்கார்ந்து தின்கிறார்கள். அவர்களை ஒரு குடும்பம் என்று எழுதினாள். எங்கள் வீட்டை இரண்டு குடும்பம் என்று எழுதினாள்.

ஏனென்றால் என் அடுப்பு தனி.

இதைச் சண்டை என்றுதான் நினைப்பார்கள். எங்கள் பக்கத்தில் மாமியார் தனியாக உலை வைத்தால் மருமகள் துரத்திவிட்டாள் என்று பொருள். எங்கள் வீட்டில் நடந்தது வேறு. சாரதாவுக்குக் கம்பெனி கேண்டீனில் ஃபர்ஸ்ட் ஷிப்ட். விடிவதற்கு முன்பே எழுந்து எல்லோருக்கும் ஆக்கி ஹாட்பாக்கில் வைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். விடிகாலையில் ஆக்கிய சோற்றை மத்தியானம் திறந்தால் வியர்த்து, பிசுபிசுவென்று இருக்கும். எனக்கு அது இறங்காது. எனக்கு ஆவி பறக்கிற சோறு வேண்டும், வாரத்தில் இரண்டு நாளாவது கருவாடு வேண்டும். சாரதாவுக்குக் கருவாட்டு வாசனை பட்டால் குமட்டும். நானே பின்பக்கத் தாழ்வாரத்தில் ஒற்றை கேஸ் அடுப்பை வைத்துக்கொண்டேன். முதியோர் பணத்தில் நானே அரிசி பருப்பு வாங்குகிறேன். யாரும் என்னைத் துரத்தவில்லை. துரத்தினாலும் போகிற ஆள் நான் இல்லை.

தேவநாதனுக்கு மட்டும் அது வெட்கம். சொந்தக்காரர்கள் வந்தால் என் அடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து வைப்பான். மோகனாவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்த பிறகு இன்னும் அதிகமாகிவிட்டது. பெற்ற தாயைத் தனியாகப் பொங்கித் தின்ன விட்டவன் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள் என்று நினைத்தான். அதனால் பேச்சி இரண்டு குடும்பம் என்று எழுதியதும் மாடிப்படியிலேயே பிடித்துக்கொண்டான்.

"இன்னாம்மா அநியாயமா கீது. அந்த ஒடிசாப் பசங்க யார் பெத்த புள்ளைங்களோ, அவனுங்க ஒரே குடும்பம். பெத்த அம்மாவும் புள்ளையும் ரெண்டு குடும்பமா?"

"நான் பெத்ததக் கேக்கல அண்ணே. பொங்குததத்தான் கேக்குதேன்."

"ஒண்ணுன்னு போட்டா இன்னா கொறஞ்சிடும்? உன் கைக்காசா போவுது?"

"ஒண்ணுன்னு போட்டா உங்க ஃபிரிட்ஜு, உங்க பைக்கு, உங்க சம்பளம் எல்லாம் ஆச்சி கணக்குல ஏறிரும். ஆச்சி மாதிரி தனியாப் பொங்கித் திங்குதவுக இந்த மாநிலத்துல எத்தன பேரு இருக்காவன்னு யாருக்கும் தெரியாமலே போயிரும். எங்கம்மாவும் அப்படித்தான் அண்ணே. எங்கண்ணன் வீட்டுக்குப் பொறத்தால பீடியச் சுத்தி, தனியாப் பொங்குதா. யாரு வந்து கேட்டாலும் மவன்கூட இருக்கேன்னுதான் சொல்லுவா. அவுகளும் அப்படியே எழுதிட்டுப் போயிருதாவ."

தேவநாதன் படியிறங்கினான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

குடும்பங்களை எழுதி முடித்த பிறகு எல்லாரிடமும் கேள்வி கேட்பதில்லையாம். சீட்டுக் குலுக்குகிற மாதிரி சில குடும்பங்களை அவர்களே எடுப்பார்கள். குலுக்கலில் மகன் குடும்பம் வரவில்லை, நான் வந்துவிட்டேன். பேச்சி என் முன்னால் பாயைப் போட்டு உட்கார்ந்து, என்னை முன்பின் பார்க்காதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

"உங்க பேரு சொல்லுங்க."

"தெரியாதாடி உனக்கு?"

"நீங்க சொல்லணும் ஆச்சி. நானாப் போடக் கூடாது."

"பாஞ்சாலி. போட்டுக்கோ."

படிக்கத் தெரியுமா என்றாள், தெரியாது என்றேன். போன மாதம் பால் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, மீன் எவ்வளவு என்று குடைந்தாள். கருவாட்டை மீனில் சேர்ப்பதா தனியா என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சண்டை போட்டோம். காசில்லாமல் எந்த வேளையாவது பட்டினி கிடந்தீர்களா என்று கேட்டாள். இப்போது இல்லை, சின்ன வயதில் நிறைய என்றேன். இப்போதைக்கு மட்டும் போதும் என்றாள். பதில் சொல்லச் சொல்ல எனக்கு வேடிக்கையாக இருந்தது. என் பெயரில் ஃபிரிட்ஜ் இல்லை, வண்டி இல்லை, நிலம் இல்லை. ஒரு அடுப்பு, ஒரு சிலிண்டர், நாலு பாத்திரம். மகன் வீட்டுக் கதவிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டு நான் தமிழ்நாட்டின் ஏழைக் குடும்பங்களில் ஒன்றாகிவிட்டேன்.

"பேச்சுத் தொணை இருக்கான்னு கேக்க மாட்டியா?" என்றேன்.

"அதுக்குக் கட்டம் இல்ல ஆச்சி."

"கேரளாவுல கீதா?"

"அங்கயும் இல்ல."

"அப்போ சரி, போவட்டும்."

முடித்துவிட்டு டேப்லெட்டை மூடினாள். பிறகுதான் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

அதற்கு அடுத்த வாரம் மேலதிகாரி சோதனைக்கு வருவார் என்று பேச்சியே சொல்லிவைத்தாள். எழுதியது நிஜமா என்று வீட்டைப் பார்த்துப் போவார்கள். அன்று காலை நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் வாசலில் சட்டையை டக்-இன் செய்த ஒருவர் நிற்கிறார். பக்கத்தில் பேச்சி. எதிரே தேவநாதன், செகண்ட் ஷிப்ட் என்பதால் வீட்டில் இருந்தான். சாரதாவுக்கு அன்று வார லீவு, அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எதிர்வீட்டு கேட்டில் கனகலட்சுமி, நீயும் நின்றாய்.

"இங்க ரெண்டு குடும்பம்னு பதிவாகி இருக்கு. தனியா சமைக்கறது யாருங்க?" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரும் இல்ல சார். எல்லாம் ஒண்ணாதான். அம்மா எங்ககூடதான் சாப்பிடுது" என்றான் தேவநாதன்.

அவர் பின்பக்கம் போய்ப் பார்த்தார். நானும் பின்னாலேயே போனேன். என் தாழ்வாரம் பெருக்கித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. அடுப்பு இருந்த இடத்தில் அவன் பைக் நின்றது. சிலிண்டரும் இல்லை, பாத்திரமும் இல்லை. சோப்புத் தண்ணீர் வாசனைதான் வந்தது.

அதிகாரி பேச்சியைத் திரும்பிப் பார்த்தார். "இல்லாத குடும்பத்தை எழுதினா இன்னா ஆவும்னு தெரியுமில்லம்மா? உன்னோட இந்த ஏரியா கணக்கு மொத்தத்தையும் தூக்கிப் போட்டுடுவாங்க. உன் கான்ட்ராக்டும் முடிஞ்சிடும்."

பேச்சி வாயைத் திறக்கவில்லை. இவர்தான் அடுப்பை ஒளித்துவிட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாடியில் இருந்துகொண்டு தினமும் பார்க்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்காரர்கள் சொல்வதைத்தான் அவள் எழுதலாம், அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கூடாது என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். உதட்டை இழுத்துப் பல்லை மூடிக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அது சிரிப்புக்காக இல்லை.

நான் கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன். "தேவநாதா, என் அடுப்பு எங்கடா?"

"ம்மா, நீ சும்மா இரு."

"சும்மா இருந்தா மத்தியானம் நான் இன்னாத்த துன்றது? அடுப்பு எங்க?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. அதிகாரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது பேசியது சாரதா. இத்தனை நாளும் தெரு முழுக்க எந்த மருமகளைக் குறை சொல்லும் என்று தேவநாதன் பயந்தானோ அவளேதான்.

"மொட்ட மாடியில தண்ணி டிரம்முல கீது அத்தே. சிலிண்டரு தொட்டிக்குப் பின்னால கீது" என்றாள். பிறகு அதிகாரியிடம், "எங்களுக்குள்ள சண்ட கிண்ட இல்ல சார். நான் ஃபர்ஸ்ட் ஷிப்டு. ஆக்கி வெச்சிட்டுப் போற சோறு அதுக்கு ஆவாது. அது கொதிக்கிற கருவாட்டுக் கொழம்பு எனக்கு ஆவாது. அதான் தனி. இதுல மறைக்க இன்னா கீது?" என்றாள்.

அதிகாரி மாடி ஏறிப் போய் டிரம்மைத் திறந்து பார்த்தார். இறங்கி வந்து டேப்லெட்டில் என்னவோ தட்டினார். "சரியாத்தான் எழுதியிருக்கு" என்று பேச்சியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். போகும்போது தேவநாதன் தோளைத் தட்டி, "இதுல ஒரு தப்பும் இல்ல சார்" என்றார். தேவநாதனுக்கு அது இன்னும் வலித்தது என்று நினைக்கிறேன்.

எதிர்வீட்டு கேட்டிலிருந்து அன்று சாயங்காலத்துக்குள் செய்தி தெருமுனை வரைக்கும் போய்விட்டது. சண்டை இல்லை என்று சாரதா சொன்னதை மட்டும் யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. பாஞ்சாலியைத் தனியாக ஒதுக்கிவிட்டார்கள், கவர்மெண்டே எழுதிக்கொண்டு போய்விட்டது என்று மணிமங்கலத்தில் இருக்கிற என் நாத்தனார் போன் செய்து அழுதாள். மோகனாவுக்குப் பார்த்த தரகர் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. இரண்டு நாளும் தேவநாதன் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், மாதக் கடைசியில் சொந்தக்காரர் ஒருவர் வந்து தங்கப் போகிறார், மாடி அறை வேண்டும் என்று பேச்சியிடம் சொன்னான். அப்படி ஒரு சொந்தக்காரர் எங்களுக்கு இல்லை. அவளுக்கும் அது தெரியும். "சரி அண்ணே" என்றாள்.

நான் விடவில்லை. அவனிடம் சண்டை போட்டேன், சாரதாவும் ஒரு வார்த்தை சொன்னாள், மோகனா அப்பாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். இதையும் எழுது மோகனா, நீ பேசாமல் இருந்தாய் இல்லையா. தேவநாதன் தலையைக் குனிந்துகொண்டு, "கல்யாணம் முடியட்டும், நானே போய்க் கூட்டிக்கினு வரேன்" என்றான். கெட்டவன் இல்லை அவன். பயந்தவன். மகள் ஒருத்தி இருக்கிறாள் என்றால் ஆம்பளைக்கு வருகிற பயம் அது.

பேச்சிதான் என்னைச் சமாதானம் செய்தாள். "எனக்கு அடுத்து தர்மபுரிப் பக்கம் போட்டிருக்காவ ஆச்சி. எப்படியும் கெளம்ப வேண்டியதுதான். கொஞ்சம் முன்னால போறேன், அவ்வளவுதான்."

"அங்க யாருகிட்ட பேசுவ?"

"வீடு வீடாப் பேசத்தான போறேன்."

கிளம்பின நாள் ஞாயிற்றுக்கிழமை. சாரதா எழுந்து இட்லி அவித்துத் தூக்கில் போட்டுக் கொடுத்தாள், வழியில் சாப்பிடு என்று சொல்லி ஒரு வாழை இலையையும் சுருட்டி உள்ளே செருகினாள். மோகனா தன் துப்பட்டா ஒன்றை மடித்துப் பையில் வைத்தாள். பேச்சி மாடியைப் பெருக்கி, தண்ணீர் தெளித்துத் துடைத்து, சாவியை என் கையில் கொடுத்தாள். தேவநாதன் கையில் கொடுக்கவில்லை. அவன் வாசலில் நின்றுகொண்டு போனைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தான்.

அவள் டிரங்குப் பெட்டியைத் தூக்கப் போனபோது அவன் போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டுப் பெட்டியை வாங்கினான். "மனசுல வெச்சிக்காதம்மா" என்றான்.

"நீங்க உங்க மவளுக்காகச் செஞ்சிய. அதுல கோவப்பட எனக்கு என்ன இருக்கு?" என்றாள். பிறகு அதே மூச்சில், "ஆனா நான் எழுதுனது சரிதான் அண்ணே" என்றாள்.

"தெரியும்" என்றான் அவன். பெட்டியை ஷேர் ஆட்டோவில் ஏற்றி, கால் இடிக்காமல் இருக்கச் சரித்து வைத்தான்.

என்னைக் கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. எங்கள் பக்கத்தில் அந்தப் பழக்கமும் கிடையாது. "வாரேன் ஆச்சி" என்றாள். "வா" என்றேன். வாசற்படியைத் தாண்டி, செருப்பை மாட்டி, ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

ஆட்டோ கிளம்புகிற நேரம் பார்த்துத் தெருவுக்குள் கம்பெனி பஸ் நுழைந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பார்த்த ஆட்களை இறக்க வந்தது. எங்கள் தெருவில் இரண்டும் ஒதுங்க இடம் இல்லை. ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி முனகிக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்தார். மறுமுனை வரைக்கும் அப்படியே ரிவர்ஸில் போனார். அதனால் அவள் முகம் எங்கள் பக்கமாகவே இருந்தது. போகப் போகச் சின்னதாகிக்கொண்டே போனது, ஆனால் எங்களைப் பார்த்துக்கொண்டேதான் போனது. முனையில் ஆட்டோ திரும்பிய பிறகும் நாங்கள் நான்கு பேரும் வாசலில்தான் நின்றோம். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் வழி விடச் சொன்னதும் ஒதுங்கினோம்.